சென்னை ரோடு, டிராஃபிக் ரூல்ஸ்: என்ன சந்தேகம்னாலும் இங்க கேளுங்க

மாஸ்டர்_வடபழனி:
எல்லாருக்கும் வணக்கம். வடபழனி பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்ட சொல்லிக் குடுக்குறேன், ரொம்ப வருஷமா இதான் வேலை. லைசன்ஸ் வாங்கிட்டுப் போனவங்க அப்பப்போ போன் பண்ணி சந்தேகம் கேப்பாங்க, அதுல நான் கவனிச்சது என்னன்னா ஃபைன் எவ்ளோன்னு எல்லாருக்கும் மனப்பாடமா தெரியுது, ஹெல்மெட் இல்லன்னா 1000, இன்சூரன்ஸ் இல்லன்னா 2000, குடிச்சிட்டு ஓட்டினா 10,000ன்னு கடகடன்னு சொல்றாங்க, 2022 அக்டோபர்ல நம்ம மாநிலத்துல புது ஃபைன் வந்ததுலேர்ந்து அதான் பேச்சு. ஆனா ஒரு ஜங்ஷன்ல ரெண்டு வண்டி ஒண்ணா வந்தா யாரு முதல்ல போகணும்னு கேட்டா பதில் வர மாட்டேங்குது. நம்மூர்ல முக்காவாசி சண்டையும் இடியும் அந்த இடத்துலதான் நடக்குது. 2017ல மத்திய அரசு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, யாரு யாருக்கு வழி விடணும், எங்க நிறுத்தக்கூடாது எல்லாம் அதுல இருக்கு, படிச்சவங்கதான் கம்மி. அதனால ஃபைன் மட்டும் கேக்காம எது வேணா கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்.

அம்பத்தூர்_பைக்:
மாஸ்டர் முதல் கேள்வி என்னோடது. சிக்னல் ரெட்ல இருக்கும்போது லெஃப்ட்ல திரும்பலாமா கூடாதா? ஃப்ரீ லெஃப்ட்னு எல்லாரும் போறாங்க, நான் நின்னா பின்னாடி இருக்குறவன் ஹாரன் அடிச்சே கொன்னுடுறான். ஆனா போன வாரம் ஒரு இடத்துல அப்படி திரும்பினதுக்கு போலீஸ் ஓரம் கட்ட சொல்லிட்டாரு.

மாஸ்டர்_வடபழனி:
தம்பி, ரெட்னா நிக்கணும், லெஃப்ட்டுக்கும் சேத்துதான். அந்த ஜங்ஷன்ல ஃப்ரீ லெஃப்ட்னு போர்டு இருந்தாலோ, இடது பக்கம் பச்சை அம்பு எரிஞ்சாலோ, இல்ல லெஃப்ட்டுக்குன்னு தனியா ஒரு வழி பிரிச்சு விட்டிருந்தாலோ மட்டும் போலாம். எல்லா சிக்னல்லயும் லெஃப்ட் ஃப்ரீங்கறது நம்மளா வெச்சுக்கிட்ட பழக்கம். போர்டு இருக்குற இடத்துலயும் வேகமா போறதுக்கு அனுமதி கிடையாது, வலது பக்கத்துலேர்ந்து பச்சையில வர்ற வண்டிக்கும் நடந்து கிராஸ் பண்றவங்களுக்கும் விட்டுட்டு அப்புறம்தான் நாம.

பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்களேன்னு கேட்டா, அடிக்கட்டும். ஃபைன் கட்டுறது நீங்க, ஹாரன் அடிச்சவன் வந்து பாதி தரமாட்டான்.

ராயப்பேட்டை_ஆட்டோ:
மாஸ்டர் சொல்றது சரிதான், ஆனா இன்னொரு சங்கதி இருக்கு. ஃப்ரீ லெஃப்ட் போர்டு இருக்குற இடத்துல நேரா போறவன் லெஃப்ட் லேன்ல வந்து அடைச்சிக்கினு நிப்பான். பின்னாடி லெஃப்ட் திரும்பவேண்டிய பத்து வண்டி நிக்கும். நான் நேரா போனும்னா நடுவுல போய் நிக்கிறேன், கஸ்டமர் கூட "இன்னாங்க இடம் இருக்கே, முன்னாடி போலாமே"ன்னு சொல்லுவாங்க. போக மாட்டேன்.

நடந்தே_போறேன்:
நான் வண்டி வெச்சுக்கல, பஸ்லயும் மெட்ரோலயும் போறவன். நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும், ஆனா இதை சொல்லியே ஆகணும். ஃப்ரீ லெஃப்ட் எங்க இருக்கோ அங்கதான் ஜீப்ரா கோடும் இருக்கு. ரோட்டுல மத்த வண்டி எல்லாம் ரெட்ல நிக்குது, எங்களுக்கு நடக்க பச்சை மனுஷன் எரியுது, அந்த இருபது செகண்ட்ல லெஃப்ட்ல வர்ற பைக் ஒண்ணு கூட நிக்க மாட்டேங்குது. அண்ணா சாலையில கம்பு ஊனிக்கிட்டு ஒரு பெரியம்மா ரெண்டு சிக்னல் போற வரைக்கும் ஓரத்துலயே நின்னதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். கைய நீட்டி வண்டிய நிறுத்தித்தான் அவங்கள கூட்டிட்டுப் போனேன்.

மாஸ்டர்_வடபழனி:
மன்னிப்பு எதுக்கு சார், நீங்க பேசவேண்டிய இடம் இதுதான். சிக்னலே இல்லாத ஜீப்ரா கிராசிங்ல கூட நடக்குறவருக்குத்தான் முதல் வழி, வண்டி வேகம் குறைச்சு, தேவைன்னா நின்னு விட்டுட்டுப் போகணும். ஸ்டாப் லைன்னு ஒரு வெள்ளைக் கோடு ஜீப்ராவுக்கு முன்னாடி போட்டிருக்கே, அது அழகுக்குப் போட்டதில்ல, முன் வீல் அதைத் தாண்டக்கூடாது. என்கிட்ட கத்துக்குறவங்ககிட்ட நான் சொல்றது, உங்க சீட்டுல உக்காந்தா ஸ்டாப் லைன் பானட்டுக்கு அடியில மறையுறதுக்கு முன்னாடியே நின்னுடுங்கன்னு. கார் ஓட்டுறவங்களுக்கு கோடு மறைஞ்சப்புறம் எங்க நிக்கிறோம்னே தெரியாது.

ஓஎம்ஆர்_வாசி:
சார் எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. நான் ஓஎம்ஆர்ல குடியிருக்கேன். மெட்ரோ வேலைக்கு நடுரோட்டுல தகரம் அடிச்சு வெச்சதுலேர்ந்து எங்க தெருவுக்கு எதிர்ல இருந்த யூ டர்னை மூடிட்டாங்க. இப்போ எதிர்ப்பக்கம் இருக்குற மெடிக்கல் ஷாப்புக்கு போகணும்னா கூட ரொம்ப தூரம் போய் திரும்பி வரணும், பெட்ரோல் விக்கிற விலையில. அதனால எல்லாரும் ஓரமா ஒட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் ராங் சைடுல வந்துடுறாங்க. மெதுவாதான் வர்றோம், ஓரமாதான் வர்றோம். இதுல என்ன பெரிய தப்பு? ரோடை இப்படி வெச்சுட்டு எங்க மேல கேஸ் போடுறது நியாயமா?

மாஸ்டர்_வடபழனி:
உங்க கஷ்டம் புரியுது சார். யூ டர்னை அவ்ளோ தள்ளி வெச்சது தப்புன்னு நீங்க மனு குடுங்க, நானும் கையெழுத்து போடுறேன், டிராஃபிக் போலீஸ்ல அந்த மாதிரி கோரிக்கை வெச்சு யூ டர்ன் திறந்த இடமும் உண்டு. ஆனா ராங் சைடு விஷயத்துல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

ஓஎம்ஆர்ல ஒரு சந்துலேர்ந்து மெயின் ரோட்டுக்கு லெஃப்ட்ல திரும்புற ஒரு டிரைவரை நினைச்சுக்கோங்க. மெயின் ரோட்டுல வண்டி எல்லாம் அவருக்கு வலது பக்கத்துலேர்ந்துதான் வரும். அதனால அவர் கழுத்து வலது பக்கம் திரும்பியிருக்கும், கேப் எப்போ கிடைக்கும்னு அந்தப் பக்கமே பாத்துட்டு இருப்பார், கேப் கிடைச்ச செகண்ட்ல கிளட்ச் விட்டு ஸ்டீரிங்கை இடது பக்கம் உடைப்பார். அந்த நேரத்துல இடது பக்கத்துலேர்ந்து ஓரமா, மெதுவா, நீங்க சொல்ற மாதிரியே ஒரு ஸ்கூட்டர் வருது. டிரைவர் கண்ணு அந்தப் பக்கம் வர்றதுக்கு ஒரு காரணமும் இல்ல. பம்பர் நேரா ஸ்கூட்டர் முன் வீல்ல. இதுல மெதுவா வந்ததும் ஓரமா வந்ததும் உங்களைக் காப்பாத்தல, ஓரமா வந்ததாலதான் அடியே பட்டுச்சு, ஏன்னா சந்தோட வாய் அங்கதான் இருக்கு. ராத்திரி ஆனா இன்னும் மோசம், எதிர்ல வர்றவனுக்கு உங்க ஹெட்லைட் வெளிச்சத்துல அந்த ரோட்டுல பள்ளம் இருக்கா மணல் இருக்கா ஒண்ணும் தெரியாது, உங்களைத் தவிர்க்க அவன் வலது பக்கம் ஒடிச்சா பின்னாடி வர்ற பஸ்.

சட்டத்துல பாத்தாலும், ராங் சைடு ஓட்டுறதை மோட்டார் வாகன சட்டம் 184வது பிரிவுல அபாயகரமா ஓட்டுறதுன்னே வெச்சிருக்கு. ரெட் சிக்னல்ல போறது, போனை கையில புடிச்சிக்கிட்டு ஓட்டுறது எல்லாம் அதே பிரிவுதான். அது கூட பெருசில்ல. அடிபட்டு நஷ்ட ஈடு கேஸ் போட்டா, நீங்க ராங் சைடுல வந்தீங்கன்னு நிரூபணம் ஆச்சுன்னா உங்க பக்கமும் தப்பு இருக்குன்னு தொகையைக் குறைப்பாங்க. வீட்டுல சம்பாதிக்கிற ஆளுக்கு அப்படி ஆச்சுன்னா குடும்பம் என்ன பண்ணும்?

எதிர்ப்பக்க மெடிக்கலுக்கு போகணும்னா வண்டிய இந்தப் பக்கமே நிறுத்திட்டு, சிக்னல் இருக்குற இடத்துல நடந்து கிராஸ் பண்ணுங்க. வண்டியிலதான் போயாகணும்னா யூ டர்ன் வரைக்கும் போய்த்தான் வரணும். வேற வழி இல்ல சார்.

பெரம்பூர்காரன்:
எங்க ஏரியாலயும் மெட்ரோ வேலைக்கு ரோடு சுருங்கி போச்சு, இதே பிரச்சனைதான். வண்டிய இறங்கி தள்ளிட்டு வந்தா ராங் சைடு ஆகாதுன்னு சொல்றாங்களே?

மாஸ்டர்_வடபழனி:
இன்ஜினை ஆஃப் பண்ணி, இறங்கி, ஓரமா தள்ளிட்டு வந்தா யாரும் கேஸ் போடுறதை நான் பாத்ததில்ல. கொஞ்ச தூரம்னா அதையே பண்ணுங்க. உக்காந்துக்கிட்டு கால்ல தள்ளுறது வேண்டாம்.

ஓஎம்ஆர்_வாசி:
சந்து விஷயம் யோசிச்சுப் பாத்தா நீங்க சொல்றது சரிதான் சார். நானே கார்ல வெளிய வரும்போது வலது பக்கம் மட்டும்தான் பாக்குறேன். யூ டர்னுக்கு எங்க அபார்ட்மென்ட் சங்கத்துல மனு எழுதுறோம்.

ராயப்பேட்டை_ஆட்டோ:
ஸ்பீடு லிமிட் இப்போ எவ்ளோ மாஸ்டர்? ஒருத்தர் 40ங்கறாரு, ஒருத்தர் 60ங்கறாரு.

மாஸ்டர்_வடபழனி:
2023 நவம்பர்ல சென்னை போலீஸ் மாத்தி அறிவிச்சாங்க. கார் மாதிரி லைட் வண்டிக்கு 60, பைக்குக்கு 50, பஸ் லாரிக்கு 50, உங்க ஆட்டோவுக்கு 40. குடியிருப்பு தெருவுக்குள்ள வந்துட்டா எல்லா வண்டிக்கும் 30தான். பழைய 40 கணக்கை சொல்றவங்க அதுக்கு முன்னாடி இருந்ததை சொல்றாங்க. இதுல எல்லாரும் மறக்குறது அந்த 30. மயிலாப்பூர் மாட வீதியிலயும் மேற்கு மாம்பலம் சந்துலயும் 30 கூட ஜாஸ்தி, பசங்க பந்து பின்னாடி ஓடி வர்ற தெரு அது.

மடிப்பாக்கம்_அம்மா:
சார் வணக்கம். என் பையனுக்கு 16 வயசு, பிளஸ் ஒன். டியூஷன் வீட்டுலேர்ந்து கொஞ்சம் தள்ளி, பஸ் நேரத்துக்கு வர்றதில்ல. அவங்க அப்பா ஸ்கூட்டியை எடுத்துட்டு போகட்டும், தெருவுக்குள்ளதானேங்கறார். 16 வயசுல லைசன்ஸ் குடுக்குறாங்கன்னு அவன் ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்களாம். உண்மையா?

மாஸ்டர்_வடபழனி:
குடுக்கவே வேண்டாம்மா. 16 வயசுல பெத்தவங்க சம்மதத்தோட குடுக்குற லைசன்ஸ் 50 சிசிக்கு உள்ள, கியர் இல்லாத வண்டிக்கு. இப்போ கடையில விக்கிற ஸ்கூட்டர் எல்லாம் 100 சிசிக்கு மேல, அதை 18 முடிஞ்சாதான் ஓட்டலாம். 18க்கு கீழ ஓட்டி மாட்டினா பையனை விட பெத்தவங்களுக்குத்தான் தண்டனை, 199ஏ பிரிவுல 25,000 ரூபாய் ஃபைன், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ஆர்.சி. 12 மாசம் ரத்து, பையனுக்கு 25 வயசு ஆகுற வரைக்கும் லைசன்ஸ் கிடையாது. யாராவது அடிபட்டா அதோட நிக்காது.

பேட்டரி வண்டியில, 250 வாட்டுக்குள்ள மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதது இருக்கு, அதுக்கு ரிஜிஸ்ட்ரேஷனும் லைசன்ஸும் வேண்டாம். ஆனா வாங்கும்போது கடைக்காரர் வாய் வார்த்தைய நம்பாதீங்க, அந்த மாடலுக்கு அதுக்கான சான்றிதழ் இருக்கான்னு காட்ட சொல்லுங்க. என்னைக் கேட்டா நல்ல சைக்கிள் ஒண்ணு வாங்கிக் குடுங்க.

மடிப்பாக்கம்_அம்மா:
ரொம்ப நன்றி சார், இதை அவர்கிட்ட அப்படியே காட்டுறேன். இன்னொண்ணு, என் தங்கச்சி 3 வயசு பாப்பாவை ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சு கூட்டிட்டுப் போறா. அவ்ளோ சின்ன பிள்ளைக்கு ஹெல்மெட் வேணுமா?

மாஸ்டர்_வடபழனி:
வேணும்மா. 4 வயசுக்கு மேல எல்லாருக்கும், பின்னாடி உக்காருறவங்களுக்கும் சேத்து, ஹெல்மெட் கட்டாயம். 9 மாசத்துலேர்ந்து 4 வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு தனி விதி 2023 பிப்ரவரியிலேர்ந்து இருக்கு, குழந்தைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுறவங்களோட சேத்துக் கட்டுற பெல்ட், வண்டி வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. முன்னாடி நிக்க வெக்கிறது ரொம்ப ஆபத்து. சடன் பிரேக் போட்டா பாப்பா மூஞ்சி நேரா ஹேண்டில் பார் நடுவுல இருக்குற மீட்டர்ல போய் மோதும், நாம பின்னாடிலேர்ந்து அழுத்துவோம். தங்கச்சிகிட்ட இன்னிக்கே சொல்லுங்க.

அம்பத்தூர்_பைக்:
ஹெல்மெட் பத்தி பேசுறதால கேக்குறேன், ரோட்டோரம் விக்கிற 300 ரூபா ஹெல்மெட் போட்டா போலீஸ் விடுவாங்கல்ல?

மாஸ்டர்_வடபழனி:
போலீஸ் விட்டாலும் ரோடு விடாது தம்பி. ஐ.எஸ். 4151ன்னு நம்பரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதை வாங்குங்க, 2021 ஜூன்லேர்ந்து அந்த முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை விக்கவே கூடாது. தாடைக்கு கீழ பட்டையை லாக் பண்ணலன்னா எந்த ஹெல்மெட்டும் கழண்டு பறந்துரும். இன்னொரு விஷயம், ஹெல்மெட் இல்லாததுக்கு 1000 ரூபாய் மட்டும் இல்ல, 3 மாசம் லைசன்ஸை நிறுத்தி வெக்கவும் சட்டத்துல இடம் இருக்கு.

பெரம்பூர்காரன்:
ஆம்புலன்ஸுக்கு வழி விட ரெட் சிக்னல்ல ஸ்டாப் லைன் தாண்டிப் போயிட்டேன். சலான் வந்துடுமோன்னு பயமா இருக்கு. வந்தா என்ன பண்றது?

மாஸ்டர்_வடபழனி:
நல்ல கேள்வி. ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா 10,000 ரூபாய், அது 194இ பிரிவு. ஆனா வழி விடுறதுன்னா சிக்னலை உடைச்சு நடு ஜங்ஷனுக்குள்ள பாயுறது இல்ல, பச்சையில குறுக்க வர்றவனுக்கு நீங்க வர்றது தெரியாது. முடிஞ்ச வரைக்கும் இடது பக்கம் ஒதுங்கி, பக்கத்து வண்டிக்காரரையும் ஒதுங்க சொல்லி, நடுவுல ஒரு பாதை விடணும். ஒதுங்கவே இடம் இல்லன்னா, ஜங்ஷன்ல நிக்கிற போலீஸ்காரர் கை காட்டினாரா பாருங்க, சிக்னல் விளக்கை விட அவர் கை பெருசு. அவர் இல்லன்னா கோட்டைக் கொஞ்சம் தாண்டி இடது ஓரமா நின்னுடுங்க, நேரா போயிடாதீங்க.

சலான் வந்தா உடனே கட்டிடாதீங்க. அரசோட பரிவாகன் இ-சலான் தளத்துல போட்டோ இருக்கும், அதுல பின்னாடி ஆம்புலன்ஸ் தெரியுதான்னு பாருங்க, அங்கயே புகார் பண்ற வசதி இருக்கு, தேதி நேரம் இடம் எழுதி, டேஷ் கேமரா வீடியோ இருந்தா அதையும் வெச்சு அனுப்புங்க.

குரோம்பேட்டை_பெரியவர்:
அன்புள்ள மாஸ்டருக்கு, எனக்கு வயது 61. லைசன்ஸ் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, கவனிக்கவில்லை. முப்பது நாள் வரை ஓட்டலாம் என்பார்கள், அதுவும் தாண்டிவிட்டது. மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டுமா?

மாஸ்டர்_வடபழனி:
ஐயா, எட்டு போடவேண்டாம். முடிஞ்ச தேதியிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள புதுப்பிச்சா டெஸ்ட் கிடையாது, ஒரு வருஷம் தாண்டினாதான் டெஸ்ட். ஆனா அந்த முப்பது நாள் சலுகைய 2019 திருத்தத்துல எடுத்துட்டாங்க, முடிஞ்ச மறுநாளே செல்லாது. அதனால புது லைசன்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க, அடிபட்டா இன்சூரன்ஸ்ல சிக்கல் வரும். லைசன்ஸுக்கான அரசு தளம் சாரதியில விண்ணப்பம் போட்டு, டாக்டர்கிட்ட படிவம் 1ஏ கையெழுத்து வாங்கிக்கோங்க. 55 வயசுக்கு மேல அஞ்சு அஞ்சு வருஷமாத்தான் புதுப்பிப்பாங்க. கண்ணையும் அப்படியே டெஸ்ட் பண்ணிக்கோங்க ஐயா, ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் கூசுதுன்னா கேடராக்டா இருக்கலாம்.

அம்பத்தூர்_பைக்:
ஒரிஜினல் லைசன்ஸ் கையில இருக்கணுமா? டிஜிலாக்கர்ல காட்டினா ஒரு போலீஸ்காரர் ஒத்துக்கல.

மாஸ்டர்_வடபழனி:
டிஜிலாக்கர், எம்பரிவாகன்னு ரெண்டு அரசு ஆப்பும் ஒரிஜினலுக்கு சமம், 2018லயே மத்திய அரசு சொல்லிடுச்சு, மத்திய மோட்டார் வாகன விதி 139லயும் சேத்தாச்சு. போன்ல எடுத்த போட்டோவும் வாட்ஸப்ல வந்த பிடிஎஃப்பும் அந்தக் கணக்குல வராது, ஆப்புக்குள்ள போய்த்தான் காட்டணும். பொறுமையா காட்டுங்க, வாக்குவாதம் வேண்டாம்.

பெரம்பூர்காரன்:
நேத்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ், உங்க வண்டிக்கு சலான் இருக்கு, கீழ இருக்குற ஆப்பை இறக்குங்கன்னு. என் வண்டி நம்பரும் கரெக்டா போட்டிருக்கான்.

மாஸ்டர்_வடபழனி:
தொடாதீங்க, அழிச்சிடுங்க. எந்த போலீஸும் வாட்ஸப்ல ஏபிகே ஃபைல் அனுப்ப மாட்டாங்க. அதை இறக்கினா உங்க போன்ல வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும், பேங்க் காலி. சலான் உண்மையா இருக்கான்னு பாக்கணும்னா நீங்களா பரிவாகன் தளத்தை டைப் பண்ணிப் போய், வண்டி நம்பரும், இன்ஜின் நம்பர் இல்லன்னா சேசிஸ் நம்பரோட கடைசி எழுத்துகளும் குடுத்துப் பாருங்க. முகவரி gov.inனு முடியணும். பணம் போயிட்டா தாமதிக்காம சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க.

இதோட சேத்து ஒண்ணு. பழைய வண்டிய வித்தவங்க நிறைய பேருக்கு வாங்கினவன் பண்ற தப்புக்கெல்லாம் சலான் வருது. காசை வாங்கிட்டு சாவியக் குடுத்தா வேலை முடிஞ்சிடாது, படிவம் 29, 30 கையெழுத்து போட்டு பேர் மாத்தி ஆகணும், வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிக்கணும். வண்டி வேற யாருமேலயாவது மோதினா கோர்ட்டு முதல்ல தேடுறது ஆர்.சி.யில பேர் இருக்குற ஆளைத்தான்.

மடிப்பாக்கம்_அம்மா:
எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நோ பார்க்கிங், நிறுத்தினால் காற்று இறக்கப்படும்னு போர்டு. பூத்தொட்டி, கல்லு எல்லாம் ரோட்டுல வெச்சிருக்காங்க. விருந்தாளி வந்தா நிறுத்த இடமே இல்ல. அந்த போர்டுக்கு சட்டத்துல மதிப்பு உண்டா சார்?

மாஸ்டர்_வடபழனி:
ரெண்டு பக்கமும் பாதி பாதி நியாயம் இருக்கும்மா. ரோடு பொது இடம், வீட்டுக்காரர் எழுதி மாட்டுற போர்டுக்கு போலீஸ் போர்டு மாதிரி மதிப்பு கிடையாது, காத்து இறக்குறது குற்றம், கல்லு தொட்டி வெக்கிறது ஆக்கிரமிப்பு, மாநகராட்சியோட 1913 நம்பருக்கு போன் பண்ணி சொல்லலாம். ஆனா ஒருத்தர் வீட்டு கேட்டை மறைச்சு நிறுத்துறதும் அந்த 2017 ஒழுங்குமுறைப்படி தப்பு, அங்க போர்டே தேவையில்ல. கேட்டுக்கு நேரா நிறுத்தாதீங்க, மதில் சுவருக்கு நேரா நிறுத்தலாம். தெரு முனையில, வளைவுல, ஜீப்ரா மேல, பஸ் ஸ்டாப்ல, பிளாட்பாரத்துல நிறுத்துறதும் கூடாது. தெரு முனையில ஒரு கார் நின்னா திரும்புறவனுக்கு எதிர்ல வர்றது தெரியாது, குப்பை லாரியும் தண்ணி லாரியும் வளைய முடியாது. கேட்டு விஷயத்துக்கு சண்டை போடுற தெருவுல இந்த முனை காரை யாரும் கேக்குறதில்ல, எனக்கு அதான் வருத்தம்.

ஓஎம்ஆர்_வாசி:
பார்க்கிங்னதும் ஞாபகம் வருது, மழை எச்சரிக்கை வந்தா வேளச்சேரி மேம்பாலத்துல எல்லாரும் காரை வரிசையா நிறுத்திடுறாங்களே, அது?

மாஸ்டர்_வடபழனி:
ரூல்படி பாலத்து மேல நிறுத்தக்கூடாது. ஆனா 2015 வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிச்சாங் புயல்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை ஆளுங்க வண்டி மூழ்கி பட்ட பாட்டுக்கு அவங்களைக் குறை சொல்ல மனசு வரல. ஆம்புலன்ஸும் பஸ்ஸும் போக இடம் விட்டு, ஒரே பக்கமா, ஏறுற இறங்குற வாய்ல இல்லாம நிறுத்துங்க, போலீஸ் எடுக்க சொன்னா எடுத்துடுங்க. மழையில இன்னொரு விஷயம், சுரங்கப்பாதை. தி.நகர் துரைசாமி, கணேசபுரம், இங்கெல்லாம் தண்ணி சீக்கிரம் சேரும். முன்னாடி ஒரு வண்டி போச்சேன்னு பின்னாடியே போகாதீங்க, ஆழம் நடுவுலதான். தண்ணியில இன்ஜின் நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, தண்ணி உள்ள போயிருந்தா இன்ஜினே போயிடும். இறங்கி தள்ளுங்க.

நடந்தே_போறேன்:
மாஸ்டர், முதல்ல சொன்னீங்களே, யாருக்கு முதல் வழின்னு. சிக்னல் இல்லாத இடத்துல அதை இவங்களுக்கு ஒரு தடவை சொல்லிடுங்க.

மாஸ்டர்_வடபழனி:
யாரும் கேக்கலயேன்னு பாத்துட்டே இருந்தேன் சார்.

சின்ன ரோட்டுலேர்ந்து பெரிய ரோட்டுக்கு ஏறுறவர் நின்னு, பெரிய ரோட்டு வண்டிக்கு விட்டுட்டுத்தான் ஏறணும். பைக் மூக்கை உள்ள நுழைச்சு எதிராளியை பிரேக் அடிக்க வெக்கிறது வழி வாங்குறது ஆகாது. ரெண்டும் ஒரே மாதிரி ரோடு, போர்டும் இல்ல சிக்னலும் இல்லன்னா உங்க வலது பக்கத்துலேர்ந்து வர்ற வண்டிக்கு விடணும். ரவுண்டானாவுல ஏற்கெனவே உள்ள சுத்திட்டு இருக்குற வண்டிக்கு முதல் வழி, வெளியிலேர்ந்து நுழையுறவர் காத்திருக்கணும். நம்மூர்ல இது அப்படியே தலைகீழா நடக்குது, நுழையுறவன் வேகமா நுழைய, உள்ள இருக்குறவன் நடுவுல நிக்க, கடைசியில ரவுண்டானாவே சாப்பாடு தொண்டையில அடைச்ச மாதிரி ஆகிடுது. வலது பக்கம் திரும்புறவர் எதிர்ல நேரா வர்ற வண்டிக்கு விடணும். ஹெட்லைட்டை ரெண்டு தடவை அடிச்சா "நான் வர்றேன், நீ நில்லு"ன்னு நம்மூர் வழக்கம் இருக்கே, அதுக்கு சட்டத்துல ஒரு இடமும் கிடையாது, லைட் அடிச்சதால வழி உங்களோடது ஆகிடாது.

ஜங்ஷன் நடுவுல மஞ்சள் கோடு குறுக்கும் நெடுக்கும் போட்ட கட்டம் பாத்திருப்பீங்க. அந்தப் பக்கம் வெளிய போக உங்க வண்டிக்கு இடம் இருந்தாதான் அதுக்குள்ள நுழையணும், பச்சை எரிஞ்சாலும் சரி. இது ஒண்ணை மட்டும் எல்லாரும் செஞ்சா சாயந்தர நேரத்துல பாதி ஜங்ஷன் அடைக்காது.

ராயப்பேட்டை_ஆட்டோ:
கத்திப்பாராவுல இறங்குற வழிய தவற விட்டுட்டு ரிவர்ஸ்ல வர்றவனுங்கள பத்தியும் சொல்லுங்க மாஸ்டர். பாலத்து மேல, வளைவுல, பின்னாடி பஸ்ஸு வர்றப்ப.

மாஸ்டர்_வடபழனி:
ஆமாங்க. ஜி.எஸ்.டி ரோடு, மவுண்ட் ரோடு, நூறடி ரோடு, பூந்தமல்லி போற ரோடு நாலும் அங்க சேருது, புதுசா வர்றவங்களுக்கு குழப்பம்தான். வழிய தவற விட்டா நேரா போங்க, கீழ இறங்கி அடுத்த யூ டர்ன்ல திரும்பி வாங்க, அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம்தான். மேப்பைப் பாக்க போனை ஸ்டாண்டுல மாட்டிக்கோங்க, வழி பாக்குறதுக்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம்னு 2020லேர்ந்து விதி இருக்கு, அதையும் கையில புடிச்சிக்கிட்டு இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் இறங்கணும்னு ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்புங்க, பாலத்துல ஏறுறப்பவே அந்த லேனுக்கு வந்துடுங்க.

அம்பத்தூர்_பைக்:
கடைசியா ஒண்ணு மாஸ்டர். ரோட்டுல யாராவது அடிபட்டுக் கிடந்தா தூக்கிட்டுப் போனா நம்மளை கேஸ்ல சேத்துடுவாங்கன்னு வீட்டுல பயப்படுறாங்க.

மாஸ்டர்_வடபழனி:
சேக்க முடியாது தம்பி. 134ஏ பிரிவு உதவி பண்றவங்களைக் காப்பாத்துறதுக்குன்னே 2019ல வந்தது, பேரு, போன் நம்பர் சொல்லுன்னு கட்டாயப்படுத்தவும் கூடாது. 108க்கு போன் பண்ணுங்க. பணத்துக்கும் பயப்படாதீங்க, 2021 டிசம்பர்லேர்ந்து நம்ம அரசோட இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு, விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு அந்தத் திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் இலவச சிகிச்சை, அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும். கழுத்து, முதுகுல அடின்னு தோணுச்சுன்னா நீங்களா ஆட்டோவுல மடக்கிப் போட்டு தூக்கிட்டுப் போகாதீங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அசைக்காம பாத்துக்கோங்க, பின்னாடி வர்ற வண்டிய யாராவது ஒருத்தர் நின்னு திருப்பி விடணும், ஹெல்மெட்டை இழுத்துக் கழட்டவேண்டாம்.

ராயப்பேட்டை_ஆட்டோ:
எங்க ஸ்டாண்டுல இருக்குற பசங்களுக்கு இதை படிச்சு காட்டுறேன் மாஸ்டர். நாங்கதான் முதல்ல போய் நிக்கிறோம் அந்த மாதிரி நேரத்துல.